சிறிய அணிகளின் குரல்

வசந்தமலருக்கும் கூடைப்பந்துக்கும் எந்த உறவும் இல்லை என்பதை அகில நோர்வேக் கல்லூரி விளையாட்டுச் சம்மேளனம் நான்கு வருடங்களாக எழுத்தில் பதிந்து வைத்திருந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் விபரத்தை அனுப்ப வேண்டும் என்பது சம்மேளனத்தின் விதி. படிவத்தில் பெற்றோர், துணைவர், முன்னாள் மாணவர், பங்காளர் என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் 'ஏனையோர்'. அம்மருட் பராமரிப்புக் கல்லூரியின் பெண்கள் அணி விளையாடிய ஐம்பத்து மூன்று ஆட்டங்களிலும் அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒன்று வசந்தமலர்.

அவள் அந்தக் கல்லூரியின் கன்ரீனில் வேலை செய்தாள். வயது ஐம்பத்து நான்கு. ஒரே மகன் சயூரன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியொன்றில் பொறியியலாளன்; அவன் பிறந்த நாளிலிருந்து ஒரு பந்தையும் தொட்டதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகல், மிஞ்சிப்போன பருப்பு சூப்பைக் கொட்ட மனமில்லாமல், பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டி காலியாகும்வரை நின்றாள். பிறகு ஆட்டம் முடியும்வரையும் நின்றாள். கோண்டாவிலில் பள்ளிக்கூட நாட்களில் பந்தோடு ஓடக் கூடாத வலைப்பந்து ஆடியவள் என்பதால், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது முதல் மாதம் முழுக்க அவளுக்குக் களவு வேலையாகவே பட்டது. இரண்டாம் மாதம் அந்தக் களவு பிடித்துப்போனது.

அவளுடைய கணவர் இராசதுரை பஸ் ஓட்டுகிறவர். காரணமில்லாமல் ஒரு இடத்தில் நிற்பது அவருக்கு விளங்காத விடயம்.

"உமக்கு அங்கை என்ன அலுவல்? மகளோ, மருமகளோ விளையாடுது?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகேன் போறீர்?"

"அதுதானே நல்லது. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையெண்டால் நிம்மதியாய்ப் பார்க்கலாம்."

கல்லூரியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். ஒரு சுப்பர்மார்க்கற்றுக்கு மேலே இரண்டு மாடிகள்தான் கல்லூரி. விளையாட்டு மண்டபம் இரவல். அங்கே கூடைப் பலகையில் இருந்த வளையம் துருப்பிடித்துச் சற்றே சாய்ந்திருந்தது. அதைத் தொட்டுவிட்டு இறங்கும் பிள்ளைகளின் விரல்களில் கீறல் விழும். புதிய வளையம் கேட்டுப் பயிற்றுநர் கரோலினா சம்மேளனத்துக்கு ஆறு கடிதங்கள் எழுதியிருந்தாள். மருந்தின் அளவைக் கணக்கிடுவது எப்படி என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் என்பதால் கடிதங்களில் மில்லிமீற்றர் வரை சரியாக எழுதுவாள். ஆறு கடிதங்களுக்கும் ஒரே பதில் வந்தது: 'உங்கள் ஈடுபாடு எங்களுக்கு மகிழ்ச்சி தருகிறது.'

இப்படி இருக்கையில் ஜனவரியில் அந்த அணி வென்றுவிட்டது.

தேசியக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்று அது. எதிரணி, பதினாலாயிரம் மாணவர்களும் இரண்டு மருத்துவர்களும் சொந்தப் பேருந்தும் கொண்ட தென்கரைப் பல்கலைக்கழகம். கடைசி நான்கு வினாடிகளில், தமிழ்ப் பிள்ளையான அணித்தலைவி இமெல்டா இரண்டு தனி எறிகளையும் கூடைக்குள் போட்டாள். யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சியில் பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுவதும், அதன் பின்னால் ஒரு பெண்குரல் "ஹையா! ஹையா!" என்று கத்துவதும் பதிவாகியிருந்தன. நோர்வேக்காரர் அணியை உற்சாகப்படுத்தக் கத்துகிற சொல்தான் அது. வசந்தமலர் கத்தியபோது அது தமிழாகவும் இருந்ததால் இரட்டிப்புச் சத்தம்.

ஒரு கிழமைக்குள் நாடு முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்தது. ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள அம்மருட் என்ற பெயரை அடுக்குமாடிகளைப் பற்றிய கவலைக் கட்டுரைகளில் மட்டும் படித்திருந்தவர்கள் அதை அன்போடு உச்சரிக்கப் பழகினார்கள். தொலைக்காட்சிக்காரர் வந்து துருப்பிடித்த வளையத்தை மூன்று கோணங்களில் படமெடுத்தார்கள். அணி மூன்றாம் சுற்றிலும் வென்றது. நான்காம் சுற்றிலும் வென்றது.

இதற்குப் பிறகுதான் சம்மேளனம் விழித்தது. முதலில் ஒரு கேக் வந்தது. கிரீமில் எழுதியிருந்த கல்லூரிப் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. அதற்கு அடுத்த நாள் 'சிறிய அணிகள் ஆலோசகர்' என்று ஒரு புதிய பதவி உருவாகி, அந்தப் பதவியில் சில்யே என்ற இளம்பெண் வந்தாள். கழுத்தில் பெரிய கம்பளிச் சால்வை, முகத்தில் இரக்கம். அவளோடு மூன்று பேர் வந்து மண்டபத்தை லேசர் கருவியால் அளந்தார்கள். எந்த அணி சிறிய அணி என்பதற்கு இதுவரை வரைவிலக்கணம் இல்லையாம். மண்டபத்தின் நீளம், மாணவர் தொகை, வீராங்கனைகளின் சராசரி உயரம், கடைசியாகக் கன்ரீனின் கதிரைகள் எல்லாம் எண்ணப்பட்டன.

"கதிரை ஏன்?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"முழுமையான பார்வைக்கு," என்றார் எண்ணியவர்.

வளையத்தின் கீழே நின்று கரோலினா ஏழாவது தடவையாகக் கேட்டாள். இம்முறை வாயால் கேட்டாள். வர்சா என்ற பிள்ளையின் பிளாஸ்ரர் போட்ட விரலையும் பிடித்துக் காட்டினாள்.

சில்யேயின் கண்கள் கலங்கின. "எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த வளையத்தை இப்போது மாற்ற முடியாது. எங்கள் சுவரொட்டி முழுவதும் இதுதான். இதை மாற்றினால் நாடே புண்படும்."

"துரு குத்துகிறது," என்றாள் கரோலினா.

"அது துரு இல்லை, கரோலினா. அது உங்கள் கதை."

விரலுக்குப் புதிய பிளாஸ்ரர் ஒரு பெட்டி சம்மேளனத்தின் செலவில் வந்து சேர்ந்தது. பெட்டியில் வளையத்தின் படம் ஒட்டியிருந்தது.

மார்ச் முதல் கிழமை சில்யே கன்ரீனுக்கு வந்தாள். வீராங்கனைகளையும் பயிற்றுநரையும் பேட்டி எடுத்தாகிவிட்டது. அவர்கள் எல்லோரும் "எங்களுக்கு வளையம் வேண்டும், புதன்கிழமையும் மண்டபம் வேண்டும்" என்று ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், அதில் ஆழம் இல்லை என்றாள். "நீங்கள் வேறு. நீங்கள் யாருடைய அம்மாவும் இல்லை. உங்களுடையது கலப்படமில்லாத குரல்."

வசந்தமலருக்கு வாழ்நாளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய நோர்வேமொழி கன்ரீனுக்குப் போதுமானது. சுற்றி வளைத்துப் பேச அது இடம் கொடுக்காது.

"பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டாள் சில்யே.

"ஸ்லிட்னெ," என்றாள் வசந்தமலர். களைத்துப்போனார்கள் என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி வேலை, நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, அங்கிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து மண்டபம். பெரிய அணிகளுக்குச் சுடுசாப்பாடும் உடம்பு பிடித்துவிட ஆளும் உண்டு. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் நின்றபடி பாண் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு களைப்போடும் வெல்கிறார்கள் என்றால், ஒரு வளையமும் ஒரு புதன்கிழமையும் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சில்யே முதல் சொல்லை எழுதி அதன்கீழ் இரண்டு கோடு போட்டாள். மற்றதையெல்லாம் தலையசைத்துக் கேட்டாள்.

அடுத்த நாள் அழைப்பு வந்தது. 'சிறிய அணிகளின் குரல்: கேட்போம், உணர்வோம், செயற்படுவோம்' என்ற தேசிய மாநாடு. முதன்மைப் பேச்சாளர் வசந்தமலர். இடம், ஒஸ்லோவில் சம்மேளனத்தின் பெரிய விளையாட்டரங்கு. காலிறுதி ஆட்டம் நடக்கும் அதே நாள், அதே கட்டிடம். எல்லா வாசல்களுக்குமான அட்டையும் தரப்படும் என்று எழுதியிருந்தது. காலிறுதிக்கு அனுமதிச் சீட்டுக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவள் உடனே ஓம் என்றாள்.

"மூண்டு நிமிசம் கதைச்சுப்போட்டுக் கீழை இறங்கிப் பார்க்கலாம்," என்றாள் இராசதுரையிடம்.

"மீற்றிங் வைக்கிறவங்கள் ஆரையும் மூண்டு நிமிசத்திலை விட்டதாய்ச் சரித்திரம் இல்லை," என்றார் அவர்.

கழுத்தில் தொங்கிய அட்டை உணவறை, ஓய்வறை, பத்திரிகையாளர் அறை, தாய்மார் பாலூட்டும் அறை எல்லாவற்றையும் திறந்தது. ஆட்டம் நடக்கும் மண்டபத்தின் கதவை மட்டும் திறக்கவில்லை. அது பார்வையாளருக்குரியது, அவள் பேச்சாளர் என்று வாசலில் நின்றவர் சிரித்த முகத்தோடு விளக்கினார்.

மாநாடு நடந்த அறை மண்டபத்துக்கு நேர் மேலே இருந்தது. தரை வழியாகப் பந்து தட்டுப்படும் அதிர்வு கதிரையின் காலுக்கு வந்து, அங்கிருந்து அவளுடைய முழங்காலுக்கு ஏறியது. தேசியப் பெருமையோடு வாஃபலும் பழுப்புச் சீஸும் பரிமாறப்பட்டன. அறையில் அறுபது பேர் இருந்தார்கள். சிறிய அணியொன்றில் விளையாடுகிறவர் ஒருவரும் இல்லை. அவர்கள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சம்மேளனத் தலைவர் தூர்ஸ்தைன் கழுத்துப்பட்டி அணியாமல், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மேடைக்கு வந்தார். தன்னைத் தலைவர் என்று யாரும் அழைக்கக் கூடாது, இங்கே மேலே கீழே இல்லை என்று தொடங்கினார்.

"நண்பர்களே, நான் மனம் திறந்து பேசுகிறேன். இருபது வருடங்களாகச் சிறிய கல்லூரிகளோடு எங்களுக்கு அருமையான உறவு இருந்தது. அவர்கள் வந்தார்கள், தோற்றார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இந்த வருடம் அந்தச் சமநிலை குலைந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். நானே கேக் அனுப்பினேன். ஆனால் பொறுப்புள்ளவர்கள் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு சிறிய அணி வென்றுகொண்டே போனால் என்ன ஆகும்? பெரிய அணி ஆகிவிடும். பிறகு நாடு நேசிப்பதற்குச் சிறிய அணி எங்கே இருக்கும்? அவர்களுடைய சிறுமையை அவர்களிடமிருந்தே பாதுகாக்கும் துணிவு எங்களுக்கு வேண்டும்."

கைதட்டும் சத்தம் சிலரைப் பாதிக்கும் என்பதால் எல்லோரும் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அசைத்தார்கள். கீழே நாலாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தியது தரையைப் பிளந்துகொண்டு வந்தது. எங்கள் கூடையா, அவர்கள் கூடையா என்று வசந்தமலர் காதைத் தீட்டினாள். முரசுச் சத்தம் வரவில்லை. எதிரணியான மேல்கரைப் பல்கலைக்கழகத்துக்காரர்தான் முரசு வைத்திருந்தார்கள். அப்படியென்றால் எங்களுடையது.

அவளுடைய முறை வந்தது. எழுந்து நின்று மூன்று விடயம் சொன்னாள். வளையம். புதன்கிழமை. பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். சில்யே மூன்றையும் மூன்று மஞ்சள் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வளையத் தாளின் பசை சரியில்லை. அது வழுகி வெப்பமூட்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. புதன்கிழமைத் தாளை யாரோ உணவுப்பட்டியல் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனார். களைப்பு மட்டும் சுவரில் நின்றது.

அதைச் சுற்றி அறுபது பேரும் ஆளுக்கொரு தாள் ஒட்டினார்கள். சுமை. அழுத்தம். எதிர்பார்ப்பின் பாரம். வெற்றியின் வலி. அரைமணி நேரத்தில் சுவரே நோயாளியாகிவிட்டது. வசந்தமலர் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போனாள். இரண்டு தடவையும் ஒருவர் அன்போடு தோளில் கைவைத்து, உங்களுக்காகத்தானே இவ்வளவும் என்று கூட்டிவந்து இருத்தினார்.

பிறகு தூர்ஸ்தைன் தீர்மானத்தை வாசித்தார். சிறிய அணிகள் தங்கள் சுமையைத் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டன. இனிக் காலிறுதிக்கு அப்பால் எந்தச் சிறிய அணியும் பெரிய அணியோடு மோதும் துன்பத்துக்கு ஆளாக்கப்பட மாட்டாது. அவர்களுக்கென்று 'மென்மைப் பிரிவு' ஒன்று உருவாகிறது. அதில் யாரும் தோற்க மாட்டார்கள். அரையிறுதியில் அவர்களுடைய இடத்தை அவர்களிடம் தோற்ற அணி தாங்கிக்கொள்ளும். நிவாரணம் தாமதமாகக் கூடாது என்பதால் இந்த நிமிடமே அமல்.

அறுபது பேரின் கைகளும் மேலே எழுந்து அசைந்தன.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை!" வாயில் முதலில் தமிழ்தான் வந்தது. பிறகு நோர்வேமொழியில் சொன்னாள். "நான் அப்படிச் சொல்லவில்லை. வளையம் கேட்டேன்."

சில்யே அவளுடைய கையைப் பிடித்தாள். "நீங்கள் சொல்லாததையும் நாங்கள் கேட்டோம். அதுதான் உண்மையான கேட்டல்."

அந்த நேரத்தில் கீழே முடிவு மணி நீளமாக ஒலித்தது. அதற்குமேல் எழுந்த ஆரவாரத்தில் மேசையில் இருந்த கோப்பைகள் கிலுங்கின. முரசு கேட்கவே இல்லை. தூர்ஸ்தைன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாருங்கள், இரண்டு நிமிடம் முந்தியே முடிவெடுத்துவிட்டோம். ஆகவே இது யாருடைய வெற்றிக்கும் எதிரானதல்ல."

வசந்தமலர் படிகளில் ஓடி இறங்கினாள். ஆட்டம் முடிந்ததால் இப்போது கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஒன்பது பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். இமெல்டா அந்தக் குவியலிலிருந்து எழுந்து ஓடிவந்து, வியர்வை வழிய அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"அன்ரி! எங்கை போனீங்கள்? ஆறு புள்ளி! ஆறு புள்ளியாலை வெண்டனாங்கள்! உங்கட சத்தத்தைத்தான் காணேல்லை. கடைசி நிமிசம் திரும்பித் திரும்பிப் பார்த்தனான்."

"மேலை நிண்டனான் பிள்ளை," என்றாள் வசந்தமலர். பிள்ளைகள் துள்ளினார்கள். அவளும் துள்ள வேண்டியிருந்தது, துள்ளினாள்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. பத்து மணி இடைவேளையில் இமெல்டா கன்ரீனுக்கு வந்து, கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள். கீழே ஆதாரம் என்ற தலைப்பில், 'சிறிய அணிகளின் குரல்: வசந்தமலர், ஏனையோர்' என்றிருந்தது.

"நீங்கள் சொன்னனீங்களோ, நாங்கள் களைச்சுப்போனம் எண்டு?"

"சொன்னனான். ஆனால் அவள் கேட்டது வேறை, நான் சொன்னது..."

"நாங்கள் உங்களிட்டை எப்பவாவது சொன்னனாங்களோ அன்ரி, களைப்பெண்டு?"

"இல்லை. நான் கண்டனான்."

"கண்டதை உங்களோடை வைச்சிருந்திருக்கலாம்." இமெல்டாவின் குரல் உயரவில்லை. "பிறாக்சிஸிலை, ஆஸ்பத்திரியிலை, ஒரு கிழவி ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேக்கிறா, களைப்போ பிள்ளை எண்டு. இல்லையெண்டுதான் சொல்லுவன். ஓமெண்டு சொன்னால் அடுத்த நாள் என்னை வேலைக்கு விடமாட்டினம்."

எடுத்த தட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒன்பது பிள்ளைகளும் வீட்டிலிருந்து பாண் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான்கு வருடங்களில் முதல் தடவையாகப் பருப்பு சூப் அரைச் சட்டிக்கு மேல் மிஞ்சியது. அவள் அதைக் கொட்டினாள்.

இராசதுரை ஆறுதல் சொல்லப் பார்த்தார். "நீர் நல்லதுக்குத்தானே சொன்னனீர்."

"ஓம். அவங்களும் நல்லதுக்குத்தான் செய்தவங்களாம். எல்லாரும் நல்லதுக்குத்தான். கெட்டதுக்கு எண்டு ஒருத்தன் செய்திருந்தால் அவனைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருக்கலாம்."

கல்லூரி மேன்முறையீடு செய்தது. கரோலினாவின் கடிதத்தில் ஆறு விதிகள் எண்ணோடு குறிக்கப்பட்டிருந்தன. மேன்முறையீட்டுக் குழு ஜூன் மாதம் கூடும் என்று பதில் வந்தது. அரையிறுதி மார்ச் இருபத்தெட்டு. குழு கூடும்போது பனி கரைந்திருக்கும், நல்ல காலநிலையில் எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

வசந்தமலர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தானே சம்மேளனத்துக்குப் போனாள். நகர ரயிலான பானேயில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நோர்வேமொழியில் வசனங்களைக் கோர்த்துப் பார்த்தாள். அங்கே யாரும் அவளைத் தடுக்கவில்லை. தூர்ஸ்தைனே எழுந்துபோய்க் கோப்பி ஊற்றிவந்து கொடுத்தார். பால் வேண்டுமா என்று கேட்டார். கோபத்தோடு வந்தவளுக்குக் கோப்பைக்கு நன்றி சொல்லவேண்டி வந்தது.

"என் பேச்சை அழித்துவிடுங்கள்," என்றாள். "அந்தத் தீர்மானத்தில் என் பெயர் வேண்டாம். நான் சொன்னதே பிழை என்று எழுதித் தருகிறேன்."

அவர் உண்மையாகவே வருந்தினார். "உங்கள் குரலை நாங்கள் அழிப்பதா? ஒரு வெளிநாட்டுப் பின்னணிப் பெண்ணின் குரலை? அது எங்கள் விழுமியங்களுக்கே முரண்."

"அப்படியென்றால் இப்போது பேசுவதும் என் குரல்தானே. இதையும் எழுதுங்கள். பிள்ளைகளை விளையாட விடுங்கள்."

"இதை மேன்முறையீடாகத்தான் எடுக்க வேண்டும். மேன்முறையீடு செய்ய அணியோடு உறவு வேண்டும். பெற்றோர், துணைவர், முன்னாள் மாணவர்..." கணினியைத் தட்டிப் பார்த்தார். "நீங்கள் ஏனையோரில் இருக்கிறீர்கள்."

"பேசுவதற்கு மட்டும் உறவு தேவையில்லையா?"

"அதுதானே உங்களுடைய சிறப்பு. கலப்படமில்லாத குரல்."

"உங்களுக்கு மேலே யார் இருக்கிறார்?"

அவருடைய முகம் மலர்ந்தது. பல வருடங்களாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி போலிருந்தது. "யாருமே இல்லை. எங்கள் அமைப்பில் மேலே கீழே கிடையாது. எல்லோரும் ஒரே தளம். அதனால் நீங்கள் யாரிடமும் பணிந்து போகத் தேவையில்லை."

கோப்பை காலியானதும் அவரே வாங்கிக் கழுவி வைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். வெளியே தெருவோரத்தில் அழுக்குப்பனி கறுத்துக் கிடந்தது. வசந்தமலர் எதிர்ப்பக்கத்துப் பானேயில் ஏறி நாலு நிலையம் போனபிறகுதான் கவனித்தாள்.

மென்மைப் பிரிவு மார்ச் இருபதாம் திகதி தொடங்கி அன்றே முடிந்தது. லேசர் அளவின்படி நோர்வே முழுவதிலும் மூன்று கல்லூரிகள்தான் சிறியவை. ஒன்றில் பெண்கள் அணி இல்லை. மற்றது அணியைக் கலைத்திருந்தது. அம்மருட் அணி ஒரு ஆட்டமும் ஆடாமல் தேசிய வெற்றியாளர் ஆனது. கிண்ணம் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய கரோலினா அதைப் பெட்டியைப் பிரிக்காமலே வகுப்பறை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். சம்மேளனத்தின் இணையப் பக்கத்தில் அன்று வெளியான தலைப்பு: 'ஒரு தோல்விகூட இல்லாத பருவம்'.

அரையிறுதிக்கு அணியைக் கௌரவ விருந்தினராக அழைத்தார்கள். போக மாட்டோம் என்றார்கள் பிள்ளைகள். அடுத்த வருடப் பதிவுக்குப் 'பங்கேற்பு மனப்பான்மை' என்றொரு கட்டம் இருப்பதைக் கரோலினா எடுத்துக் காட்டினாள். போனார்கள். வசந்தமலருக்கும் அழைப்பு வந்தது. அவளும் போக மாட்டேன் என்றுதான் இருந்தாள். பிள்ளைகளை அங்கே தனியே இருக்க விட்டு, தான் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்ப்பது அதைவிடக் கேவலம் என்று பட்டது. இராசதுரை ஒன்றும் கேட்காமல் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நிலையம்வரை கூட நடந்துவந்தார்.

மண்டபத்தின் இரு சுவர்களிலும் துருப்பிடித்த வளையத்தின் படம் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கியது. அதன் கீழே பலகைகளில் பூட்டியிருந்த வளையங்கள் புத்தம் புதியவை, விளக்கொளியில் மினுங்கின. பார்வையாளரில் பாதிப் பேர் 'நாங்கள் எல்லோரும் சிறியவர்கள்' என்று அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பெயர் ஒட்டிய கதிரைகள். ஒன்பது பிள்ளைகள், கரோலினா, வசந்தமலர். அவளுடைய பெயர் இமெல்டாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இமெல்டா வந்து இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வசந்தமலர் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

களத்துக்குள் மேல்கரைப் பல்கலைக்கழக அணி வந்தது. அம்மருட் பிள்ளைகள் ஆறு புள்ளியால் வென்ற அணி. முன்வரிசையைக் கடந்தபோது அவர்களில் ஒருத்தி மட்டும் நின்று இமெல்டாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பயிற்றுநர் கூப்பிட்டார், ஓடிவிட்டாள்.

தூர்ஸ்தைன் ஒலிவாங்கியோடு நடுக்களத்துக்கு வந்தார். இன்றைக்குச் சப்பாத்துப் போட்டிருந்தார்.

"இன்றைய ஆட்டத்துக்கு முன்னால், இந்த வருடம் எங்கள் எல்லோருடைய இதயத்தையும் வென்றவர்களை வரவேற்போம். அம்மருட்!"

நாலாயிரம் பேரும் எழுந்தார்கள். வெறும் மரியாதைக்கு எழுந்தவர்கள் இல்லை. சிலர் அழுதார்கள். பின்வரிசையில் ஒரு தகப்பன் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கி வைத்து, அந்த அக்காமாரைப் பார், பார் என்று காட்டினார். கைதட்டு அலை அலையாக வந்தது. கமரா ஒன்று தண்டவாளத்தில் வழுகி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. இவர்கள் ஏன் கதிரையில் இருக்கிறார்கள், களத்தில் ஏன் இல்லை என்று அந்த நாலாயிரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

கமராவுக்குப் பின்னாலிருந்து சில்யே வசந்தமலருக்குச் சைகை காட்டினாள். உங்கள் அந்த 'ஹையா' ஒரு தடவை, என்று வாயை அசைத்தாள்.

வசந்தமலர் கைப்பையைக் காலடியில் வைத்தாள். இவ்வளவு பேர் நிற்கும்போது இருப்பது மரியாதையில்லை என்று கால்கள் தாமாகவே எழும்பப் பார்த்தன. இதுவரை அவள் ஐம்பத்தாறு ஆட்டங்களில் எழுந்து நின்று கத்தியிருக்கிறாள், இருந்து பழக்கமில்லை. கதிரையின் கைப்பிடியைப் பிடித்து அரைவாசி எழும்பிவிட்டாள்.

"எழும்பாதேங்கோ, அன்ரி."

இமெல்டாதான். முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை. அவளுடைய கை வசந்தமலரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பந்து பிடித்துக் காய்த்துப்போன கை. வர்சா எழும்பவில்லை. கரோலினா எழும்பவில்லை. பதினொரு பேரும் இருந்தார்கள்.

கைதட்டு ஒரு கணம் தடுமாறியது. தூர்ஸ்தைன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். அவருடைய குரல் தழுதழுத்தது.

"பாருங்கள், எவ்வளவு அடக்கம். எழுந்து நிற்கக்கூட விரும்பவில்லை."

கைதட்டு முன்னையைவிடப் பலமாக வெடித்தது. அது தானாக ஓயும்வரை அவர்கள் இருந்தார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவர் நடுக்களத்துக்கு வந்து பந்தை மேலே எறிந்தார்.

முதல் மூன்று நிமிடம் இமெல்டாவின் கண்மட்டும் பந்தோடு போய் வந்தது. முழங்கால் இரண்டும் மெல்ல மெல்ல ஆடத் தொடங்கின. மேல்கரை அணியின் உயரமான பெண் கூடைக்குக் கீழே வந்து நின்றதும் இமெல்டா முன்னுக்குச் சாய்ந்தாள்.

"இடப்பக்கம்," என்றாள் தணிந்த குரலில். "இடப்பக்கத்தைத் திறந்து விடுறாள். அன்ரி, பாருங்கோ, முழுக்கத் திறந்து கிடக்கு."

களத்தில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஓம் பிள்ளை," என்றாள் வசந்தமலர். "தெரியுது."